இன்னும் கடலில் மூன்று பேர்

இராஜபாளையத்தில் பஞ்சு மில் உண்டு. காயத்துக்குக் கட்டும் துணி நெய்யும் தறிக்கூடங்கள் உண்டு. மேற்கே திரும்பினால் மலை உண்டு. கடல் மட்டும் கிடையாது.

அதனால்தான், எலினா சீட்டைப் பிரித்ததும் பாண்டிதுரை தலையில் கை வைத்துக்கொண்டான்.

"கடலா? நமக்கா?"

எலினா, பாண்டிதுரை, ஜெர்வின் மூவரும் இராஜபாளையத்தில் ஒரே பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கிறார்கள். அன்று ஒரு போட்டிக்காகக் கிருஷ்ணன்கோவில் பொறியியல் கல்லூரிக்கு வந்திருந்தார்கள். இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிகளில் இருந்து எட்டு அணிகள் வந்திருந்தன. கடலோரக் காவலில் உள்ள எட்டுச் சிக்கல்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டிருந்தார்கள். அணிக்கு ஒரு சீட்டு. ஆறு வாரத்துக்குள் ஒரு வழி கண்டுபிடித்து மேடையில் சொல்ல வேண்டும்.

எலினா எடுத்த சீட்டில் இப்படி இருந்தது: 'காலையில் ஒரு கரையில் இருந்து கடலுக்குப் போனவர்கள் எத்தனை பேர், திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று சரியாகத் தெரிந்துகொள்வது எப்படி?'

"இதுல என்னண்ணே பெரிய காவல் இருக்கு?" என்று கேட்டான் பாண்டிதுரை.

அவர்களுக்கு வழிகாட்டியாக வந்த கல்லூரி மாணவர் சத்தியநேசன் சிரித்தார். "காலையில பத்தொம்பது படகு போகுது. மத்தியானம் இருவது படகு வருது. கூட வந்த படகு யாரோடது?"

பாண்டிதுரை விரலை மடக்கி எண்ணிப் பார்த்தான்.

"சரி, பத்தொம்பது போயி பதினெட்டுதான் வருது. மிச்சம் ஒன்னு எங்க? எத்தனை பேர் போனாங்கன்னே தெரியாட்டா, யாரைத் தேடுறது?"

மூன்று பேருக்கும் இப்போது விஷயம் புரிந்தது.

"ஒரே ஒரு விதி" என்றார் சத்தியநேசன். "எதையும் செய்யுறதுக்கு முன்னாடி குறைஞ்சது பத்துப் பேர்கிட்ட பேசணும். நம்ம யோசனையைச் சொல்லக் கூடாது. அவங்க படுற பாட்டைக் கேக்கணும். புரியுதா?"

"புரியுது" என்றான் ஜெர்வின். ஆனால் அதற்குள் அவன் நோட்டில் ஒரு படம் வரைய ஆரம்பித்துவிட்டான்.

அது கையில் கட்டும் பட்டை. கட்டிக்கொண்டு படகில் ஏறினால் சிவப்பு விளக்கு எரியும். இறங்கினால் பச்சை எரியும். பட்டைக்கு 'ஜெர்வின் ஒன்று' என்று பெயரும் வைத்துவிட்டான்.

கடல் இல்லாத ஊரில் மீனவர்களை எங்கே தேடுவது? எலினா மறுநாள் அம்மாவோடு மீன் மார்க்கெட்டுக்குப் போனபோது, மீன் விற்கும் வெள்ளைத்தாயிடம் கேட்டாள்.

"எக்கா, இந்த மீனெல்லாம் எங்க இருந்து வருது?"

"சங்குக்கரையில இருந்து வேன்ல வருது. ஏன் பாப்பா, நாத்தம் அடிக்கா? காலையில புடிச்ச மீனு!"

"இல்லக்கா. மீன் புடிக்கிறவங்ககிட்ட பேசணும்."

வெள்ளைத்தாய் கத்தியைக் கீழே வைத்தார். "இத்தனை வருசமா மீனு விக்கேன். மீனோட பேசுறவுகளையும் பாத்துட்டேன். மீன் புடிக்கிறவுகளோட பேசணும்னு கேட்ட மொத ஆளு நீதான்" என்று சொல்லி நான்கு பேரின் எண்களைக் கொடுத்தார்.

அன்று மாலை சத்தியநேசனின் கைபேசியில் நான்கு பேரிடமும் பேசினார்கள். பேசியது ஜெர்வின்தான்.

"அண்ணே, நாங்க கையில கட்டுற பட்டை ஒன்னு செய்யப் போறோம். கொடுத்தா கட்டுவீங்களா?"

"கட்டுவேன் தம்பி" என்றார் ஒருவர். "ரொம்ப நல்லாருக்கு" என்றார் இன்னொருவர். நான்கு பேரும் சரி என்றார்கள். ஜெர்வின் குதித்தான்.

எலினா மட்டும் குதிக்கவில்லை.

"ஏன் எலினா, பிடிக்கலையா?" என்று கேட்டார் சத்தியநேசன்.

"உப்புமா எப்படி இருக்குன்னு எங்கம்மா கேட்டா, எங்கப்பாவும் நல்லாருக்குன்னுதான் சொல்லுவாங்க" என்றாள் எலினா. "பாதி உப்புமா தட்டுலயே கெடக்கும்."

பாண்டிதுரை விழுந்து விழுந்து சிரித்தான். ஜெர்வினுக்கு முகம் சுருங்கிப் போனது.

அடுத்த சனிக்கிழமை, கல்லூரி வேனில் மூன்று மணி நேரம் போய்ச் சங்குக்கரையில் இறங்கினார்கள். சிறிய ஊர். மணலில் வலைகள் காய்ந்துகொண்டிருந்தன. பாண்டிதுரை கடலைப் பார்த்ததும், "எம்புட்டுத் தண்ணி!" என்று கத்தினான். வலையைத் தைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள்.

முதலில் கடலோரக் காவல் நிலையத்துக்குப் போனார்கள். உதவி ஆய்வாளர் சீனிச்சாமி ஒரு பெரிய பதிவேட்டைத் திறந்து காட்டினார்.

"இன்னைக்குப் பத்தொம்பது படகு. அம்பத்தேழு பேர்."

"எப்படி சார் எழுதுவீங்க?" என்று கேட்டாள் எலினா.

"படகுக்காரங்க முந்தின நாள் சாயங்காலம் போன்ல சொல்லுவாங்க. எங்களால வேற என்ன செய்ய முடியும்? ஸ்டேஷன் இங்க இருக்கு, படகு கிளம்புற இடம் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி. அவங்க கிளம்புறதோ விடியுறதுக்கு முன்னாடி."

கரைக்குத் திரும்பினார்கள். ஜெர்வினும் பாண்டிதுரையும் வலை தைப்பவர்களிடம் பேச உட்கார்ந்தார்கள். பதினோரு மணிக்குப் படகுகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின.

அப்போதுதான் எலினா அந்த அக்காவைப் பார்த்தாள். இடுப்பில் பெரிய கூடையோடு ஒவ்வொரு படகாகப் போய், காலித் தூக்குச்சட்டிகளை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தார். கூடை நிறைந்து ஒரு பக்கம் சாய்ந்தது. எலினா ஓடிப்போய் மறுபக்கம் பிடித்தாள்.

"நல்ல பிள்ளை" என்றார் அவர். பெயர் கேத்ரின். கரையில் டீக்கடையும் சோற்றுக்கடையும் வைத்திருக்கிறார். கடலுக்குப் போகிறவர்களுக்கு விடியுமுன் ஆளுக்கொரு சட்டியில் சோறு கொடுத்து அனுப்புவார். இருவருமாகக் கூடையைக் கடைக்குத் தூக்கிப் போய் இறக்கினார்கள். கேத்ரின் சட்டிகளை எண்ணினார். பிறகு மறுபடியும் கடலைப் பார்த்தபடி வாசலில் நின்றுகொண்டார்.

"எதுக்குக்கா நிக்கிறீங்க? எல்லாரும் வந்துட்டாங்களே."

"இல்லட்டி. அறுவத்தொன்னுதான் வந்துருக்கு. பெலிக்ஸ் படகுல மூணு பேரு இன்னும் கடல்லதான் இருக்காவ. அவிய வந்தபொறவுதான் கடையைச் சாத்துவேன்."

எலினா மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். அறுபத்து நான்கு. காவல் நிலையத்தில் ஐம்பத்தேழு.

"அக்கா, இன்னைக்குக் காலையில என்ன நடந்துச்சுன்னு மொதல்ல இருந்து சொல்றீங்களா?"

கேத்ரின் ஆச்சரியமாகப் பார்த்தார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். யார் முதலில் வந்தது, யாருக்குக் காய்ச்சல் என்று வராமல் போனது, யார் தன் மச்சானைப் புதிதாகக் கூட்டி வந்தது, எந்தப் படகில் கடைசி நேரத்தில் ஓர் ஆள் கூடினது என்று எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது.

"வீட்டுல இருந்தே சோறு கொண்டாரவங்க?"

"அவியளும் இங்க டீ குடிக்காம படகேற மாட்டாவ. இன்னைக்கு அப்படி யாரும் இல்ல."

"இதெல்லாம் ஸ்டேஷன்ல சொல்லியிருக்கீங்களா?"

"என்னைய யாரு கேட்டா?" என்றார் கேத்ரின்.

சிறிது நேரத்தில் பெலிக்ஸின் படகு வந்தது. மூன்று தூக்குச்சட்டிகளும் வந்தன. அறுபத்து நான்கு! எலினா மணலில் ஓடினாள்.

"ஜெர்வின்! பாண்டி! நாம எல்லார்கிட்டயும் பேசினோம். உண்மையிலேயே கணக்கு வச்சிருக்கிறவங்ககிட்ட பேசவே இல்ல!"

அவள் சொன்னதைக் கேட்டுப் பாண்டிதுரை வாயைப் பிளந்தான். ஜெர்வின் மட்டும் நோட்டை மூடி வைத்துவிட்டு மணலைக் கிளறினான்.

"அப்ப என் பட்டை வேண்டாமா?"

எலினா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அவங்க கை எப்பவும் தண்ணியிலயும் வலையிலயும் இருக்கு. பட்டை மாட்டிக்கிடும். ஆனா சிவப்பு, பச்சை விளக்கு மாதிரி, பாத்த உடனே தெரியணும்னு நீ சொன்னது நல்ல யோசனை. அதைக் கேத்ரின் அக்கா கடையில எப்படிச் செய்யலாம்?"

வேனில் ஏறியதும் ஜெர்வின் நோட்டைத் திறந்தான். சாத்தூர் வருவதற்குள் படம் வரைந்து முடித்துவிட்டான்.

அது ஒரு பலகை. படகுக்கு ஒரு வரிசை. சோறோ டீயோ வாங்குகிறவர் ஒரு தகர டோக்கனை எடுத்துத் தன் படகின் வரிசையில் மாட்ட வேண்டும். திரும்பி வந்ததும் கழற்றிப் பெட்டியில் போட வேண்டும். பலகையில் எத்தனை டோக்கன் தொங்குகிறதோ, அத்தனை பேர் கடலில் இருக்கிறார்கள். கேத்ரின் காலையில் பலகையைப் படம் எடுத்து, சீனிச்சாமியின் கைபேசிக்கு அனுப்பினால் போதும்.

பலகையைச் செய்து கேத்ரின் கடைக்கு அனுப்பினார்கள். முதலில் டோக்கன்களை ஆணியில் மாட்டிப் பார்த்தார்கள். கடல் காற்றுக்கு டோக்கன்கள் பறந்துவிட்டதாகக் கேத்ரின் போனில் சொன்னார். ஜெர்வின் தன் மாமாவின் கிரில் பட்டறையில் உட்கார்ந்து, எழுபது கொக்கிகளை வளைத்து அனுப்பி வைத்தான். அதற்குப் பிறகு ஒன்றுகூட விழவில்லை.

ஆறாவது வாரம் வந்தது. கல்லூரி அரங்கில் எட்டு அணிகளும் உட்கார்ந்திருந்தன. நடுவர்களில் ஒருவராகச் சீனிச்சாமியும் வந்திருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் அணி ஒன்று, தானாகச் சுற்றும் விளக்கைக் காட்டிப் பெரிய கைதட்டல் வாங்கியது.

மணி இரண்டானபோது எலினா மேடையேறினாள். அவள் பேசத் தொடங்கிய இரண்டாவது நிமிடத்தில் சீனிச்சாமி எழுந்து வெளியே போனார்.

'அவ்வளவு மோசமாவா பேசுறேன்?' என்று எலினா நினைத்தாள். எப்படியோ பேசி முடித்து இறங்கினாள்.

வாசலில் இருந்து சீனிச்சாமி அவளைக் கைகாட்டி அழைத்தார். சத்தியநேசனும் கூடவே வந்தார்.

"பாப்பா, கேத்ரின் போன் பண்ணுறாங்க. மத்த எல்லாரும் வந்துட்டாங்க. பதினேழாம் எண் படகு வரிசையில மூணு டோக்கன் தொங்குதாம். ஆனா அந்தப் படகு இஞ்சின் ரிப்பேர், கடலுக்குப் போகலைன்னு எங்க பதிவேட்டுல இருக்கு. இங்க வர்ற அவசரத்துல, காலையில வந்த படத்தைப் பதிவேட்டோட நான் ஒத்துப் பாக்கல. யாராவது தப்பா மாட்டியிருப்பாங்களா? போன படகுன்னா, எந்தப் பக்கம்னு தேடுறது?"

எலினா ஒரு நொடி யோசித்தாள்.

"சார், அக்காகிட்ட நான் பேசலாமா?"

அவர் கைபேசியைக் கொடுத்தார்.

"அக்கா, எலினா பேசுறேன். இன்னைக்குக் காலையில அவங்க உங்க கடைக்கு வந்தப்ப என்ன நடந்துச்சு? என்ன பேசினாங்க?"

கேத்ரினின் குரல் பதறியது. "பெலிக்ஸ் படகுதாம்மா அது. நேத்து இருட்டுன பொறவுதான் இஞ்சின் சரியாச்சாம். ஸ்டேஷனுக்குச் சொல்ல நேரமில்லன்னான். மூணு டீ குடிச்சாவ. மூணு சட்டி வாங்குனாவ…"

"அப்புறம்?"

"மீனே கெடைக்கல, இன்னைக்குத் தெக்க கல்லுத்திட்டுப் பக்கம் போய்ப் பாப்போம்னு அவன் மச்சினன் சொன்னான். ஆமாட்டி! தெக்கதான்!"

எலினா அதை அப்படியே சொன்னாள். சீனிச்சாமி முழுவதும் கேட்கக்கூட நிற்கவில்லை. இன்னொரு கைபேசியில் ரோந்துப் படகைக் கூப்பிட்டார். "கிழக்கே போகாதீங்க. தெற்கே, கல்லுத்திட்டுப் பக்கம்!"

பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. உள்ளே மற்ற அணிகள் பேசிக்கொண்டிருந்தன. ஜெர்வினும் பாண்டிதுரையும் வெளியே வந்து எலினாவோடு வராந்தாவில் உட்கார்ந்தார்கள். கையில் இருந்த முறுக்கைக் கடிக்காமலே பாண்டிதுரை அரை மணி நேரம் வைத்திருந்தான். அப்படி ஒரு நாளும் நடந்ததில்லை.

மூன்றரை மணிக்குச் சீனிச்சாமியின் கைபேசி ஒலித்தது. அவர் கேட்டார். தலையாட்டினார். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு நன்றாக மூச்சு விட்டார்.

"கெடைச்சுட்டாங்க. இஞ்சின் மறுபடியும் நின்னுபோச்சு. காத்து இழுத்துட்டுப் போயிருக்கு. மூணு பேரும் நல்லாருக்காங்க. கயிறு கட்டி இழுத்துட்டு வாராங்க."

பாண்டிதுரை முறுக்கைக் கடித்தான். ஜெர்வின் எலினாவின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தான்.

சீனிச்சாமி அவர்களைப் பார்த்தார். "நான் 'நிச்சயமாத் தெரியுமா?'ன்னுதான் கேத்ரின்கிட்ட திரும்பத் திரும்பக் கேட்டேன். 'என்ன பேசினாங்க?'ன்னு கேக்கத் தோணலையே!"

மாலை ஐந்து மணிக்குப் பரிசுகளை அறிவித்தார்கள். முதல் பரிசு, சுற்றும் விளக்கு செய்த ஸ்ரீவில்லிபுத்தூர் அணிக்கு. அதற்கு எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியது ஜெர்வின்தான். இரண்டாம் பரிசுக்கு எலினாவின் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். கடைசியில் பாண்டிதுரைதான் ஓடிப்போய் வாங்கிக்கொண்டான்.

எலினா வராந்தாவில் நின்றிருந்தாள். காதில் சீனிச்சாமியின் கைபேசி. கரையேறி வந்த பெலிக்ஸ் அண்ணன் பேசிக்கொண்டிருந்தார்.

"அவசரமே இல்லண்ணே" என்றாள் அவள். "மொதல்ல சாப்பிடுங்க. அப்புறம், காலையில இருந்து என்ன நடந்துச்சுன்னு ஒன்னொன்னா சொல்லுங்க."