தட்டிப் பார்க்காத கல்

டமார்!

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி. சாணைக்காரன் ஈனாக் கூரை வரை பறந்து, உத்தரத்தில் மோதிக் கீழே விழுந்தபோது அவன் முகத்தில் பாதி இல்லை.

மீதிப் பாதி சுவரில் இருந்தது.

அவன் கத்தி தீட்டிய ராட்சச சாணைக்கல் மூன்று துண்டாகக் கிடந்தது.

ஹாலின்தார்ப்பில் இது புதிதல்ல. இங்கிலாந்தின் ஷெஃபீல்டைச் சுற்றியுள்ள ஆற்றங்கரைப் பட்டறைகளில் வருஷத்துக்கு நாலு பேர் இப்படித்தான் போவார்கள். முதலாளி சொல்லச் சொல்ல கான்ஸ்டபிள் க்ரூக்ஸ் நோட்டில் எழுதினார்.

'கல் வெடித்தது. விபத்து.'

எழுதிவிட்டு உடைந்த துண்டுகளைப் புரட்டினார்... பென்சில் நின்றது.

அவரும் பழைய சாணைக்காரர். நுரையீரல் கெட்டதால் போலீசுக்கு வந்தவர்.

கல்லின் ஒரு பாதி உள்வரை ஈரம். மறுபாதி உலர்ந்திருந்தது.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் கல்லுக்கு அடியில் உள்ள தொட்டியை வடித்துவிட வேண்டும். இல்லையென்றால் கல்லின் அடிப்பாதி ஊறிக் கனக்கும். வேகமாகச் சுற்றினால் பிளக்கும். ஞாயிறு லீவு. போதை தெளியத் திங்களும் லீவு. அது சாணைக்காரர் வழக்கம். யாரோ சனிக்கிழமை தொட்டியை நிரப்பிவிட்டு, இன்று விடியலில் வடித்திருக்கிறார்கள்.

செய்தி கேட்டு ஓடிவந்த ஈனாக்கின் மனைவி கெசையா அழவில்லை.

"வியாழக்கிழமை கோர்ட்ல சாட்சி சொல்லப் போறேன்னார். தொழிலாளர் சங்கத்துல சேராதவன் வீட்டுப் புகைபோக்கில வெடிமருந்து வெச்சது யாருன்னு."

"யாரும்மா?"

அவள் கண் புருஷனின் பக்கத்து இருக்கைக்காரன் ஜேபெஸ் மீது நின்றது.

ஜேபெஸ் சிரித்தான்.

பிணத்தை ஆண்கள் எல்லாரும் சேர்ந்து வண்டிக்குத் தூக்கிப் போனார்கள். கெசையா மட்டும் உள்ளே இருந்தாள். புருஷனின் சாமான்களைப் பொறுக்க வேண்டும் என்றாள்.

திரும்பி வந்ததும் முதலாளி வேலையைத் தொடங்கச் சொன்னார். மற்ற ஐந்து சாணைக்காரர்களும் சுத்தியை எடுத்தார்கள். ஒரு கல் வெடித்தால், தன் கல்லைத் தட்டி ஓசை கேட்காமல் எவனும் உட்காரமாட்டான். விரிசல் இருந்தால் ஓசை மந்தமாக வரும்.

டங்... டங்... டங்...

ஜேபெஸ் நேராகப் போய் உட்கார்ந்தான்.

"என்ன ஜேபெஸ், நீ தட்டலையா?" க்ரூக்ஸ் கேட்டார்.

"என் கல்லுக்கு ஒண்ணும் ஆகாது."

"அது எப்படிப்பா உனக்குத் தெரியும்?"

ஐந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜேபெஸ் முகத்தில் ரத்தம் வற்றியது. ஒரு நிமிஷம்தான். பிறகு காறித் துப்பினான்.

"கல்லைத் தட்டலைன்னு எந்த ஜட்ஜ்யா தூக்குல போடுவான்? போய்யா, இருமுறதுக்கு வேற இடம் பாரு."

க்ரூக்ஸ் பென்சிலைப் பையில் போட்டார். எந்த ஜட்ஜும் போடமாட்டார்.

ஜேபெஸ் கல்லைச் சுழற்றும் பெல்ட்டை மாட்டினான். கல் சுற்றியது. வேகம்... இன்னும் வேகம்...

கெசையா கையில் புருஷனின் சுத்தி இருந்தது. அதன் முனையில் புதுக் கல்தூள்.

கான்ஸ்டபிள் வாயைத் திறந்தார்.

மூடிக்கொண்டார்.

டமார்!

இந்த முறை கூரையே கிழிந்தது. ஜேபெஸின் இடுப்புக்கு மேலே எதுவும் இருக்கையில் இல்லை. அவன் கை ஒன்று முதலாளியின் காலடியில் வந்து விழுந்தது. அவர் வாந்தி எடுத்தார்.

கெசையா சுத்தியைக் கீழே வைத்தாள்.

"பாவம் பண்ணாதவனா இருந்தா தட்டியிருப்பான். விரிசல் கேட்டிருக்கும். எழுந்திருச்சிருப்பான்."

கைகள் இரண்டையும் நீட்டினாள்.

க்ரூக்ஸ் அவற்றைப் பார்க்கவேயில்லை. நோட்டைப் புரட்டினார்.

"காலைல எழுதினதே போதும்மா. பேரை மட்டும் சேர்த்துக்கறேன்."