மூன்று தலைமுறைக்கு ஒரே அப்பா

கபாலீஸ்வரர் சன்னிதியில் சூடம் அணைத்துச் சொல்கிறேன், இதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. பொய்யென்றால் எனக்கு மிச்சமிருக்கும் நாலு பல்லும் இன்றைக்கே விழட்டும்.

அன்று காலை தி. நகர் பாத்திரக் கடை சண்முகசுந்தரம் இட்லித் தட்டைத் தள்ளிவிட்ட சத்தத்தில், தெருவில் நடைப்பயிற்சி போனவர்கள் பூகம்பம் என்று வீட்டுக்கு ஓடினார்கள்.

“இந்தக் கல்யாணம் நடக்காது!”

அவர் மனைவி சுந்தரவல்லி சட்னிக் கரண்டியோடு அப்படியே நின்றாள். ஒரே மகள் கீர்த்தி, தரமணியில் கூட வேலை பார்க்கும் வேல்ஸ் நாட்டுப் பையனைக் கைகாட்டிய நாளிலிருந்து, இந்த மனுஷனைச் சம்மதிக்க வைக்க அவள் பட்ட பாடு கொஞ்சமா! திங்கள் சிவனுக்கு விரதம், செவ்வாய் முருகனுக்கு, புதன் பெருமாளுக்கு, வியாழன் குருவுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி ஆஞ்சநேயருக்கு. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனுடைய சாமிக்கு. சாப்பிட நாளே மிச்சமில்லை. ஆனாலும் ஒரு சுற்றுகூட இளைக்கவில்லை பாருங்கள், அதுதான் தெய்வ சக்தி.

“என்னங்க... இன்னைக்குப் பத்திரிகை அடிக்கக் குடுக்கணும்னீங்களே...”

“அதுக்குத்தாம்ட்டி பையனோட அப்பா பேரு, தாத்தா பேரு கேட்டேன்! பையன் காரெத் பெவன். சரி, அப்பன் பேரு பெவன் போலன்னு நெனச்சேன். அப்பன் பேரு ஹியூ பெவனாம்! தாத்தா டேவிட் பெவனாம்! மூணு பேருக்கும் ஒரே அப்பனா? அப்போ தாத்தாவும் பேரனும் அண்ணன் தம்பியா? நாளைக்கு உன் மக மாமனாரை மாமான்னு கூப்பிடுவாளா, மச்சாண்டாருன்னு கூப்பிடுவாளா?”

“அப்பா, அது குடும்பப் பேருப்பா...” என்றாள் கீர்த்தி.

“குடும்பமே சரியில்லைங்கேன், அதுக்கு ஒரு பேரு வேறயா! எல்லாம் உங்க அம்மா குடுத்த இடம். தெரிஞ்சே மறைச்சிருக்கா!”

“நானா... நானா மறைச்சேன்! இத்தனை வருஷம் இந்த வீட்டுக்கு உழைச்சதுக்கு நல்ல பேரு!” சுந்தரவல்லி அழுதாள். கண்ணீர் விழுந்து சாம்பாரில் உப்பு கூடிவிட்டது.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளைப் பையனே உள்ளே வந்தான். பத்திரிகை விஷயமாகக் கீர்த்தி முன்பே போன் பண்ணி வரவழைத்திருந்தாள். அவன் குடியிருப்பது ஊரூர் குப்பத்துப் பக்கம். மீன் விற்கும் குப்பம்மாவிடம்தான் தமிழ் படித்தான்.

“இன்னா நைனா, காத்தாலயே கூவிக்கினு கீறே?”

சண்முகசுந்தரம் நாற்காலியில் சரிந்தார். கீர்த்தி விஷயத்தைச் சொன்னாள். பையன் சிரிக்கவில்லை, எதிரே உட்கார்ந்துகொண்டான்.

“பெவன்னா இன்னா தெரியுமா? ‘அப் ஈவன்’. ஈவனோட புள்ளைன்னு அர்த்தம். எங்க ஊர்ல முன்னெல்லாம் குடும்பப் பேரே கெடையாது நைனா. உன்ன மாதிரிதான், அப்பன் பேரு. அவனுக்கு அப்பன், அவனுக்கு அப்பன்னு ஏழு தலைமுறை அடுக்குவாங்க. இங்கிலீஷ்காரன் கோர்ட்டு வந்துச்சு. எழுதுறவனுக்குக் கை வலி. ஒரு பேரோட நிறுத்துன்னுட்டான். அன்னிக்கு எவன் அப்பனோ அவன் பேரு அப்படியே ஒட்டிக்கினுச்சு.”

“அப்போ... அது இனிஷியலா?”

“இனிஷியலேதான். மாத்த மறந்துட்டோம்.”

சண்முகசுந்தரத்தின் முகம் ஈயம் பூசின பாத்திரம் மாதிரி பளிச்சென்று ஆனது. “மாத்த மறந்த இனிஷியலு! இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா!”

“இன்னொண்ணு நைனா. அப்பல்லாம் பொம்பளைங்களுக்கும் அப்பன் பேருதான். கல்யாணம் கட்டுனாலும் மாறாது.”

சுந்தரவல்லி கரண்டியைக் கீழே வைத்தாள்.

“நான் மா. சுந்தரவல்லிங்க... மாடசாமி மக. தாலி கட்டின கையோட ரேஷன் கார்டுல ‘ச’ன்னு மாத்துனீங்க. அன்னைக்கு ராத்திரி எங்க அப்பா சாப்பிடலன்னு அம்மா சொன்னா... அப்பன் பேரை விடாம வச்சிருக்கிற குடும்பம் சரியில்லைன்னீங்களே, அப்பன் பேரைப் பறிகுடுத்துட்டு இங்க ஒருத்தி நிக்கேன். என்னை என்ன சொல்லப் போறீங்க? பத்திரிகையில எங்க அப்பா எழுத்து வரணும். வரலன்னா கோட்டூர்புரத்துல தம்பி வீட்டுக்குப் போயிருவேன். என் மக கல்யாணத்துக்கு விருந்தாளியா வந்து, மொய் எழுதிட்டுப் போறேன்!”

“வல்லி...!” சண்முகசுந்தரம் எழுந்து ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “தப்புட்டி... உங்க அப்பாகிட்ட அன்னைக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்...”

அவள் அவர் தோளில் சாய்ந்தாள். இரண்டு பேரும் அழுத அழுகையில் அன்றைக்கு வந்த தண்ணி லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பத்திரிகையில் ‘மா. சுந்தரவல்லி’ என்று கொட்டை எழுத்தில் வந்தது. அவள் அந்த ‘மா’வைத் தடவித் தடவி மை அழிந்து, இன்னொரு பிரதி கேட்டு வாங்கினாள். மாப்பிள்ளைக்கும், சில நூறு வருஷம் தாமதமானாலும், சரியான இனிஷியல் போட்டார் சண்முகசுந்தரம்: ‘ஹி. காரெத்’.

நம்பாதவர்கள் சண்முகசுந்தரத்தையே கேட்டுக்கொள்ளலாம். எப்போது போனாலும் ஓய்வாகத்தான் இருப்பார். மனுஷன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை.