கொற்றவை திருப்பித் தந்த வாள்

கதிரவன் மேற்கு மலைத்தொடருக்குப் பின்னால் ஒதுங்க, அவன் எப்போது போவான் என்று காத்திருந்தது போல் முழுமதி நீலாற்றின் மேல் எழுந்து வந்த அந்த அந்திப்பொழுதின் அழகை இரசிக்கும் நிலையில் படைத்தலைவன் பொற்காரி இல்லை. அக்கரையில் வேங்கைவேளின் கூடற்பாறைக் கோட்டை நின்றது. விடிந்ததும் அதைத் தாக்கி, ஒரு குடிசையும் மிஞ்சாமல் எரிக்க வேண்டும் என்பது அரசர் கட்டளை. பணிந்தாலும் எரிப்பார்கள் என்பதால் வேளும் கதவைத் திறக்கவில்லை. உள்ளே வேளின் மகள் அல்லியங்கோதை இருந்தாள். சென்ற ஆண்டு அங்கே தூது போன பொற்காரி மனத்தை அவளிடம் விட்டுவிட்டு உடம்போடு மட்டும் திரும்பியிருந்தான், பாவம்.

அன்பார்ந்த வாசகர்களே, அந்நாட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். போருக்குமுன் மறக்குடிக் கன்னி ஒருத்தியை முகத்திரையிட்டு அழைத்து வந்து, பெண்டிரே அவளுக்குப் புலிப்பல் மாலை பூட்டி, நெற்றியில் கண் எழுதுவார்கள். அதற்குமுன் அவள் முகத்தை எந்த ஆண்மகனும் பார்க்கலாகாது. எழுதியபின் அவள் கொற்றவை. அவள் சொல் தேவியின் சொல். அவள் காலடியில் தலைவன் வைக்கும் வாளை அவளே எடுத்துத் தராமல் படை ஓரடி நகராது. அவள்முன் சத்தியமாக இட்ட ஆணையை அரசரும் மீற மாட்டார்.

வன்னி மரத்தடியில் திரை விலகியது. வாளை வைத்துவிட்டு நிமிர்ந்தான் பொற்காரி. மஞ்சளும் குங்குமமும் அப்பிய முகத்தில் அவனைப் பார்த்தவை அல்லியங்கோதையின் கண்கள். கூடற்பாறையில் பெண் கொடுத்திருந்த மறக்குடித் தாய்மார்கள், எரியப்போவது தங்கள் மகள்களின் வீடுகள் என்று மனம் பதறி, வழியிலேயே ஆளை மாற்றியிருந்தார்கள். அவன் வாய் திறந்தால் அவள் தலை உருளும்.

"வீரனே, கதவு திறந்து பணிந்த ஊரில் தீ வைக்கமாட்டேன், ஆயுதமில்லாதவர்மேல் கை வைக்கமாட்டேன் என்று ஆணையிடு. வாளைத் தருகிறேன்" என்றாள் தேவி.

கட்டளையை மீற வழியின்றித் தவித்தவனுக்கு வழி பிறந்தது. படை முழுதும் கேட்கத் தன் குலத்தின்மேல் ஆணையிட்டான். அவள் வாளை எடுத்து அவன் கையில் தந்தாள். சிலம்பொலி தேயும்வரை எழக்கூடாதென்று எல்லோரும் நிலத்தில் விழுந்து கிடக்க, அவள் நடுவே நடந்து பரிசலேறினாள்.

சிலம்பொலி அடங்கி எழுந்ததும், அணிகளைக் களையாமலே அவள் எதிரியின் கரைக்குப் போவதைக் கண்டு மூத்த அதிகாரி மறவூர் கிழார் பதறி ஓடிவந்து, அவள் யாரென்று கேட்டார்.

"வேங்கைவேளின் மகள்" என்றான் பொற்காரி.

ஏமாந்தோம், வழிபாடு செல்லாது என்று கிழார் குதித்தார். பொற்காரி நிதானமாகக் கேட்டான்: "நெற்றிக்கண் எழுதியபின் அவள் யார் மகள் என்று விசாரிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டா? நான் ஆணையிட்டது கொற்றவைக்கு. தாங்களும் அவளைத்தான் விழுந்து கும்பிட்டீர்கள்."

பொற்காரி வாளை உறையில் செருகினான்.

"விடிந்ததும் கதவு திறக்கும். அவள் தந்தையிடம் நான் பெண் கேட்கப் போகிறேன். பெரியவராக ஒருவர் கூட வர வேண்டும், வருகிறீர்களா?"

அக்கரையை நெருங்கிவிட்ட பரிசலை முறைத்துப் பார்த்தார் கிழார். பிறகு, "வெறுங்கையோடா போவது? பாசறையில் வெற்றிலை பாக்கு இருக்கிறதா, பாரும்" என்றார்.