காந்தத்தில் ஒட்டாத துண்டுகள்

காந்தத்தில் ஒன்றுகூட ஒட்டவில்லை. காரின் எஞ்சினிலிருந்து வடித்த பழைய எண்ணெயின் அடியில் மினுங்கிக் கிடந்த துண்டுகளை வெள்ளைத் துணியில் கொட்டித் துடைத்து, காந்தக் கம்பியை அவற்றின் மேல் அப்படியும் இப்படியும் ஓட்டிப் பார்த்தாள், எதுவும் அசையவில்லை. சரி, அலுமினியமாக இருக்கும், பிஸ்டன் தேய்ந்திருக்கும் என்று ஒன்றை எடுத்து உள்ளங்கையில் போட்டால் கனத்தது. அரத்தை வைத்து இழுத்தால் அரம்தான் வழுக்கிக்கொண்டு போனது. வெளியே மழை பிடித்துக்கொண்டு பெய்ய, தகரக் கூரையின் இரைச்சலில் தன் மூச்சே தனக்குக் கேட்காத அந்தச் சாயங்காலத்தில், "எங்கேருந்து வந்தே நீ?" என்று அந்தத் துண்டிடமே கேட்டாள்.

பதில் தெரியாமல் எந்த வண்டியையும் அவள் தன் ரிப்பேர் ஷெட்டிலிருந்து வெளியே விட்டதில்லை. அதனால்தான் ஊரே அவளை மேஸ்திரி என்றது. கட்டிய கணவனும் அப்படித்தான் கூப்பிட்டான். எஞ்சினில் ஏதோ சத்தம் என்று வந்து நிற்கும் இந்த வண்டியோ வெளியாளுடையது அல்ல, அவன் வாடகைக்கு ஓட்டுவது. கொஞ்ச நேரத்தில் அதை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் சவாரி போகப்போகிறான். பாதி ஏற்றத்தில் எஞ்சின் இறுகி நின்றால் அந்த வளைவுகளில் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஏற்கெனவே ஒருமுறை அவனை ஆஸ்பத்திரிப் படுக்கையில் பார்த்தாயிற்று. இன்னொரு முறை பார்க்கிற உத்தேசம் அவளுக்கு இல்லை.

துண்டுகளை உடைந்த தட்டை ஒட்டுவதுபோல ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தாள். விளிம்புகள் சேர்ந்தன. விரல் அகலத்தில், லேசாக வளைந்த ஒரு பட்டை. நடுவில் வரிசையாகத் துளைகள். இப்படி ஒரு பாகம் எந்த எஞ்சினிலும் கிடையாது. மிச்சமிருந்தவை திருகாணிகள். அவற்றின் மரை அகலமாகவும் ஆழமாகவும் இருந்தது. இரும்பைக் கடிக்கிற மரை நெருக்கமாக இருக்கும். இது மிருதுவான எதிலோ இறங்குவதற்கு வெட்டியது. மரத்தில் இறங்குவதற்கு என்றுதான் முதலில் நினைத்தாள். எஞ்சினுக்குள் எவன் மர வேலை பார்த்தான் என்று சிரிப்புக்கூட வந்தது.

துணியை முகத்தருகே கொண்டுவந்தபோது சிரிப்பு போய்விட்டது. கருகிய எண்ணெயின் வாசனை அவளுக்குத் தெரியும், பெட்ரோல் கலந்த எண்ணெயின் வாசனையும் தெரியும். இது இரண்டுமில்லை. ஆறாத புண்ணின் கட்டை அவிழ்க்கும்போது மூக்கில் ஏறுமே, அது.

அந்த வாசனையோடுதான் ஞாபகமும் வந்தது. இதே பட்டையை, இதே திருகாணிகளை அவள் எக்ஸ்ரே படத்தில் பார்த்திருக்கிறாள். அவனுடைய வலது முழங்காலுக்குக் கீழே, உடைந்த எலும்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெள்ளையாகத் தெரிந்தது.

"ஏங்க," என்று வீட்டுப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். "கொஞ்சம் இங்க வாங்க."

அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தான், வேகமாக, நேராக. விபத்துக்குப் பிறகு வருஷக்கணக்காக விந்தி விந்தி நடந்தவன். இந்தப் பழைய வண்டியை வாங்கிய பிறகு வலி குறைந்தது, பிறகு விந்தலும் நின்றது. அவளுக்கு அப்போது சந்தோஷம் தாங்கவில்லை, எல்லாரிடமும் சொன்னாள். வண்டியில் தானாக வந்த சத்தம் தானாக நின்றால் நம்பவே மாட்டாள், அக்கக்காகப் பிரித்துப் பார்ப்பாள். கட்டின புருஷன் விஷயத்தில் மட்டும் எப்படி நம்பினாள்?

"சத்தம் எதுலனு தெரிஞ்சுதா மேஸ்திரி? நேரமாச்சு."

"காலக் காட்டுங்க."

"வண்டிய ரிப்பேர் பாக்கச் சொன்னா என்னையே பாக்கறியா?"

சிரித்துக்கொண்டே கால்சட்டையைச் சுருட்டினான். தழும்பு அப்படியே இருந்தது. அதன் மேல் காந்தத்தை நீட்டினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் இருவரும் இதே காந்தத்தை வைத்து விளையாடியிருக்கிறார்கள். எலும்பில் வைக்கிற அந்த எஃகு காந்தத்துக்கு மசியாத ரகம், ஒருநாளும் ஒட்டியதில்லை.

டக்.

கம்பியை விட்டாள். அது விழவில்லை. அவன் தோலோடு ஒட்டிக்கொண்டு ஆடியது.

அவன் சிரிப்பு நின்றது. "என்னம்மா இது?"

"தெரியல. தெரிஞ்சுக்கறேன். நீங்க அங்கயே நில்லுங்க, வண்டிகிட்ட வராதீங்க."

பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. என் வீட்டுக்கு வந்து, என் ஷெட்டில் நின்று, என் ஆள்மேலேயே கைவைக்கிறதா இந்த வண்டி? விளக்கை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியிலிருந்த குழிக்குள் இறங்கினாள். எஞ்சினின் அடித்தொட்டியைப் பிடித்திருந்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். தொட்டி இறங்கியது. வடித்த பிறகும் மிச்சமிருந்த எண்ணெய் அவள் முழங்கை வழியே வழிந்தது.

வெதுவெதுப்பாக. காலையிலிருந்து ஓடாத எஞ்சின்.

விளக்கை மேலே தூக்கினாள். பிஸ்டன்களைத் தாங்கும் கம்பிகள் வரிசையாகத் தெரிந்தன. முதலாவது, இரும்பு. இரண்டாவது, இரும்பு.

மூன்றாவது வெள்ளையாக இருந்தது.

துடைத்துப் பார்த்தாள். நடுவில் ஒரு பழைய முறிவு, கோணலாகக் கூடிய தடம். அதை ஒட்டி வரிசையாகத் துளைகள். திருகாணித் துளைகள். எலும்பு.

அவன் எலும்பு. அப்படியானால் அவன் காலுக்குள் காந்தத்தை இழுத்தது இந்த இடத்து இரும்பு.

அப்போது அது அசைந்தது. சாவி அவள் இடுப்பில் இருந்தது. பேட்டரி மேஜைமேல் இருந்தது. ஆனாலும் கம்பிகளைச் சுமந்த தண்டு மெல்லச் சுழன்றது. வெள்ளைக் கம்பி ஏறி இறங்கியது. மேலே, சிமெண்டுத் தரையில், செருப்புச் சத்தம். ஒரு அடி.

மறுபடி சுழன்றது. இன்னொரு அடி.

"நிக்கச் சொன்னேன்ல," என்றாள்.

"நின்னுட்டுதான் இருக்கேன்." அவன் குரல் உடைந்திருந்தது. "நான் நடக்கலம்மா. கால்தான் போகுது."

குழியின் விளிம்புக்கு மேலே அவன் பாதங்கள் தெரிந்தன. ஓட்டுநர் கதவை நோக்கி. ஒரு அடி. தண்டு சுழன்றது. ஒரு அடி. கதவு திறக்கும் கிறீச். வலது பாதம் உள்ளே வைப்பதற்காக எழும்பியது.

ஏறி உட்கார்ந்தானானால் போய்விடுவான். சாவி வேண்டாம், அவள் அனுமதி வேண்டாம். கதவு மூடினால் முடிந்தது. இது எப்படி என்று இனி அவள் யோசிக்கவில்லை. அவன் போகக்கூடாது, அவ்வளவுதான்.

இரண்டு கையாலும் தண்டைப் பிடித்தாள்.

இழுத்தது. உள்ளங்கைத் தோல் உரிந்தது. குழியின் சுவரில் காலை உதைத்து, தோளைக் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு தொங்கினாள். "சுத்து பாக்கலாம்," என்றாள். "எத்தன எஞ்சின இறக்கியிருக்கேன். நீ எந்த மூலைக்கு?"

நின்றது.

மழையும் ஓய்ந்திருந்தது. எண்ணெய் சொட்டும் சத்தம் மட்டும்.

மேலே அவன் வலது பாதம் தரையிலும் படாமல், வண்டிக்குள்ளும் போகாமல், அந்தரத்தில் நின்றது. விரல்கள் முன்னால் நீண்டு, வழி தேடி, ஒவ்வொன்றாக நெளிந்தன.

"விட்டுடாத," என்றான் அவன்.

"மாட்டேன்."

அவள் பிடிக்குள் தண்டு மெதுவாக, பொறுமையாக, மறுபக்கம் திரும்பப் பார்த்தது. அவள் முகத்துக்கு நேரே மூன்றாவது கம்பியை அடுத்திருந்த நான்காவது கம்பியில், எண்ணெய் வழிந்து வழிந்து, இன்னோர் எலும்பின் வெள்ளை தெரியத் தொடங்கியது.