உள்ளே வைத்த பொட்டு

கற்பூரத்தை ஏற்றுங்கள், அடித்து அணைத்தே சத்தியம் செய்கிறேன்: இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது.

மழை லீவு விட்ட அன்றைக்கு மத்தியானம். கிருமாம்பாக்கத்திலிருந்து உள்ளே தள்ளி, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே நிற்கிற காலேஜின் கடைசிக் கட்டடத்தில் செல்வகுமாரி திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். திரையிலிருந்த கறுப்புத் திட்டுகள் நகர்ந்தன. நகரக் கூடாது.

அவள் ஆராய்ச்சி, கோபால்ட்டும் இரும்பும் கலந்த படலம். காற்றை உறிஞ்சியெடுத்த எஃகுத் தொட்டிக்குள் உலோகத்தை அணு அணுவாகச் சிதறடித்து, நகத்தளவு சிலிக்கான் சில்லின் மேல் படிய விடுவாள். ஒரு தலைமுடியை ஆயிரமாகப் பிளந்தாலும் அந்த மெல்லிசு வராது. காந்தத்தைக் காட்டி, இந்தப் பக்கம் பார் என்று ஒரு தரம் சொல்லிவிட்டால், கரண்ட் போனாலும் அது அந்தப் பக்கமே பார்த்துக் கிடக்கும். நாளைக்கு வரப்போகிற கம்ப்யூட்டர்களுக்கு ஞாபகமே அதுதான் என்கிறார்கள். மைக்ராஸ்கோப் திரையில் ஒரு பக்கம் பார்க்கிற திட்டுகள் கறுப்பு, மறுபக்கம் பார்ப்பவை வெளுப்பு.

ஆயுத பூஜைக்குப் பிறகு செய்த படலம் எதுவும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. காலையில் ஒரு சில்லு இடுக்கியிலிருந்து நழுவ, வெறுங்கையால் பிடித்தாள். அப்போதிருந்து ஆள்காட்டி விரல் நுனி மரத்துக் கிடந்தது. கூரைத் தகரத்தில் மழை விடாமல் கொட்ட, தொட்டியின் காற்றை உறிஞ்சுகிற பம்ப் சேற்றிலிருந்து காலைப் பிடுங்குவது போல ளொளக் ளொளக் என்று ஓட, எங்கிருந்தோ ஈரச் சேற்று வாசனையும் வெற்றிலை வாசனையும் கலந்து வந்துகொண்டிருந்தது. பயமும் மரத்துப்போய்த்தான் வந்தது, யாருக்கோ வருகிற பயம் மாதிரி.

லேப் அட்டெண்டர் வீரப்பன் டீ ஃப்ளாஸ்க்கோடு வந்தார். கறுப்புத் திட்டுகள் கதவுப் பக்கமாக ஒதுங்கின. அவர் ஜன்னலுக்குப் போனார். அவையும் போயின.

"வீரப்பண்ணே, பூஜையன்னைக்கு இந்தத் தொட்டி மிஷின இன்னா பண்ணீங்க?"

"பொட்டு வச்சேன்மா."

"வெளியிலதானே?"

"வெளியில வச்சா அதுக்கு எப்பிடித் தெரியும்? வேல உள்ளதானே நடக்குது. தொறந்து உள்ள வச்சேன்."

"குங்குமமா?"

"துன்னூறு." சட்டைப் பையிலிருந்து இரண்டு காகிதப் பொட்டலங்களை எடுத்துக் காட்டினார். "ஒண்ணு கோயில்து. ஒண்ணு எங்க வூட்டுக்காரி காசம்மா. பூரணாங்குப்பம் கடல்ல கரைக்கப் போனப்ப மனசு வரல, ஒரு புடி வச்சிக்கினேன். இதுல எது எதுன்னு எனக்கே தெர்ல."

"அண்ணே!"

"கோச்சிக்காதம்மா. நாத்து நட்டே போய்ச் சேந்துட்டா. ஏசி ரூம்ல ஒரு நாள் வேல பாக்கணும்னு அவளுக்கு ரொம்ப ஆச."

கேட்டைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று போனார். திட்டுகள் இந்தத் தரம் அவர் பின்னால் போகவில்லை. மெல்லத் திரும்பின. அவள் பக்கம்.

செல்வகுமாரி விரலை விளக்குக்கு நேரே பிடித்தாள். நுனி சாம்பல் நிறத்தில் பளபளத்தது, ரசம் பூசிய கண்ணாடி மாதிரி. அசிட்டோனில் பஞ்சை நனைத்துத் தேய்த்தாள். போகவில்லை. குண்டூசியால் குத்தினாள். வலி இல்லை, ரத்தமும் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாம்பல் நிறம் மணிக்கட்டைத் தாண்டியது. முழங்கை. தோள்.

ஓட வேண்டும். கால் யாருடையதோ மாதிரி இருந்தது.

அப்போது வலது கை தானாக எழுந்தது. கட்டை விரலும் இரண்டு விரல்களும் கூடின. மேஜையில் குத்தி அழுத்தின. எடுத்தன. ஒரு சாண் தள்ளிக் குத்தின. வரிசையாக.

நெட்டப்பாக்கத்தில் நிலமுள்ள வீட்டுப் பெண் அவள். வரப்பிலிருந்து பார்த்திருக்கிறாள். நாற்று நட்டதில்லை.

கழுத்து மரத்தது. நாக்கு மரத்தது.

திரையில் இப்போது ஒரு கறுப்புகூட இல்லை. வெறும் வெளுப்பு.

கதவு திறந்தது. வீரப்பன் நனைந்து நின்றார். அந்தக் கை நீண்டு போய், திறந்திருந்த அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டது. அவர் திடுக்கிடவில்லை.

"வந்துட்டியா," என்றார். "வா, வூட்டுக்குப் போலாம்."

உள்ளே செல்வகுமாரி கத்தினாள். வாய் மூடியே இருந்தது. அவர் குடையை விரித்து முன்னே போனார். சிமெண்டுத் தாழ்வாரத்தில், முழங்கால் சேற்றில் நடப்பது போல ஒவ்வொரு காலையும் பிடுங்கிப் பிடுங்கி வைத்து, சாம்பல் நிறத்தில் பளபளக்கிற முகத்தோடு அவள் பின்னாலேயே போனாள்.

வீரப்பனுக்குக் கல்யாணம் ஆனதே இல்லை. பொட்டலத்திலிருந்த காசம்மா யாரென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.