வலது எஞ்சின்

பின் சீட்டு பெல்ட்ட யாரோ இழுத்து மாட்டுற சத்தம் சிராஜுக்கு நல்லாவே கேட்டுச்சு. பிளேன்ல இருந்ததே ரெண்டு பேருதான். ரெட்டை எஞ்சின் பிளேன் ஓட்டுற லைசன்ஸுக்கு, அந்த ரேட்டிங்குக்கு, டெஸ்ட் குடுக்க வந்த தாராவி சிராஜ், பக்கத்துல டெஸ்ட் வைக்கிற மாட்டுங்கா வேங்கடசுப்ரமணியன் சார்.

"என்னடா திரும்பித் திரும்பிப் பாக்கறே? அங்க யாரு, உன் மாமனாரா?"

"ஒண்ணுமில்ல சார்."

அறுபத்திநாலு ஜூலை. செம்பூருக்கு மேல மழை தகரத்துல ஆணி கொட்டுன மாதிரி அடிக்க, பெட்ரோல் வாடை, நனஞ்ச சீட்டு வாடை, அதுக்கெல்லாம் அடியில மெதுவா, முடி கருகுற வாடை ஒண்ணு பின்னாடியிருந்து வந்துட்டே இருந்துச்சு.

டெஸ்ட்டுல சார் சொல்லாம கொள்ளாம ஒரு எஞ்சின கொறைப்பாரு. எதுன்னு கண்டுபிடிக்கணும். செத்த எஞ்சினோட விசிறியும் காத்துக்குச் சுத்தும், கண்ண நம்பக்கூடாது. காலுதான் சொல்லும். பிளேன நேரா வைக்க ஒரு காலு அழுத்தி மிதிக்கும். சும்மா கெடக்குற காலு எந்தப் பக்கமோ, அந்த எஞ்சின்தான் போச்சு.

போன மாசம் பிளேன ஓட்டுனது கோமதிநாயகம், ரேட்டிங் வாங்குன கூட்டாளி. சிராஜ் பின் சீட்டு. ஒரு எஞ்சின் நின்னுச்சு. "எது மக்கா? எது?"ன்னு கத்துனான். பின்னாடி மிதிகட்டை ஏது? சிராஜ் கண்ணால பாத்துட்டு, "வலது!"ன்னான். அவன் நம்பி வலத அணைச்சான். ஓடிட்டிருந்தது அதுதான்.

பிளேன் விழுந்துச்சு. சிராஜ் மாஹுல் கடலோரச் சேத்துல தெறிச்சுப் போயி விழுந்தான். கோமதி உள்ளயே எரிஞ்சு செத்தான். விசாரணையில சிராஜ் சொன்னது, "நான் வாயே தொறக்கல சார்."

உண்மையச் சொல்லியிருந்தா இன்னைக்கு இந்த டெஸ்ட்டே கெடயாது.

பிளேன் சட்டுனு இடது பக்கம் இழுத்துச்சு. வலது காலு மிதிச்சுது. இடது காலு சும்மா.

"இடது சார்! இடது போச்சு!"

"என்ன உளர்றே? நான் எதையும் தொடவே இல்லியே."

சாரோட ரெண்டு கையும் மடியில.

கருகுன வாடை. காதுக்குப் பக்கத்துல. சூடா மூச்சு.

"எது மக்கா?"

"இடது... சத்தியமா இடதுடா கோமதி!"

"அன்னைக்கு வலதுன்னுல்லா சொன்ன?"

தோளுக்கு மேல ஒரு கை வந்துச்சு. சிராஜோட கையப் புடிச்சுது. வலது எஞ்சின அணைக்கிற லிவர்ல வச்சுது.

இழுத்துச்சு.

சத்தம் நின்னுச்சு. மழை மட்டும்.

"விடுடா! பாவி, கைய விடுடா!" சார் ரெண்டு கையாலயும் சிராஜோட கையப் பிடுங்கப் பாக்குறாரு. அவரு கண்ணுக்கு சிராஜோட கை மட்டும்தான் தெரியுது.

அது மேல அஞ்சு கறுத்த வெரலு. நகமில்ல. தோலில்ல.

இறுக்கிட்டே இருக்கு.