இரண்டாவது நாற்காலியில் யார்?

போன் அலறியது!

ஆபரேட்டர் எடுத்தான். மனைவி.

"என்னங்க... டிவியைப் பாத்தீங்களா? ஆயுதக் கிடங்குன்னு சொன்னாங்களே... அது ஆஸ்பத்திரியாம்! குண்டு போட்டது நம்ம விமானமாம்! படமே காட்டறாங்க!"

"ம்."

"என்ன 'ம்'? அது உங்க ஆபீஸ் படமாச்சே..."

"நான் வர லேட்டாகும். நீ சாப்பிட்டுடு."

வைத்தான்.

லேட்டா? வருவதே சந்தேகம்! போர் ரகசியத்தை வெளியே விட்டால் ஆயுள் முழுக்கக் கம்பி எண்ண வேண்டியதுதான்.

ராணுவ அமைச்சகத்தில் அவனுக்கு ஒரே வேலை. விமானங்கள் எடுத்து வரும் குண்டுவீச்சு வீடியோப் படங்களைப் போட்டுப் பார்த்து, இடிந்தது எது என்று மேலே சொல்ல வேண்டும். அவன் 'ஆஸ்பத்திரி' என்றுதான் சொன்னான். மேலே போனதும் அது 'ஆயுதக் கிடங்கு' ஆகிவிட்டது. இப்படியே எத்தனை தடவை! அலுத்துப் போனான். அவ்வளவுதான், வீரமெல்லாம் இல்லை.

கதவு படாரென்று திறந்தது.

பாதுகாப்பு அதிகாரி! காலையிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது.

"டிவில ஓடற படம் இந்த ரூம்லேர்ந்துதான் போயிருக்கு. யாரு?"

"நான்தான் சார்."

அதிகாரி திகைத்தார். மிரட்டுவதற்கென்று கொண்டு வந்த வசனமெல்லாம் வீண்!

"எ... எப்படி?"

"சாப்பாட்டு டப்பாவுல செல்போன். திரையில ஓடினதை வீடியோ எடுத்துட்டேன். விலங்கை மாட்டுங்க சார்... முதுகு வலிக்குது. ஜெயில்லயாவது கொஞ்சம் சாயலாம்."

"தனியாவா எடுத்தே? யாருகிட்ட கதை விடறே? இந்தக் கதவுக்கு ரெண்டு சாவி, ரெண்டு ஆளு. ஒருத்தர் படம் போடணும், இன்னொருத்தர் பக்கத்து நாற்காலியில உக்காந்து கண்காணிக்கணும். அந்த இன்னொருத்தி உன் அக்கா!"

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. கூட வேலை பார்ப்பவள். வீட்டில் கணவர் படுத்த படுக்கை. அவள் சம்பளத்தில்தான் மருந்து. இப்போது அடுத்த அறையில் காவலுக்கு நடுவே அழுதுகொண்டிருந்தாள்.

"அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது சார். விட்டுடுங்க."

"மாட்டேன்! கூட உக்காந்து வேடிக்கை பாத்தவளுக்கும் அதே தண்டனைதான்!"

ஆபரேட்டர் எழுந்து நின்றான். தன்னைப் பற்றிக் கவலையில்லை. பாவம், அக்கா என்ன செய்தாள்?

"சார்... இந்தப் படம் வந்து, நான் செல்போன்ல எடுத்த அன்னைக்கு அக்கா லீவு. புருஷனை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருந்தாங்க."

"பொய்! ரெண்டாவது ஆள் இல்லாம கதவே திறக்காதே!"

"திறந்துச்சே சார். அவங்க வரலேன்னா மாத்துச் சாவியோட வந்து உக்கார வேண்டியது யாரு? நீங்க போட்ட விதிதானே?"

அதிகாரி இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைத் தடவிப் பார்த்தார்.

விதிப்படி... பாதுகாப்பு அதிகாரி!

"நா... நானா? நான் இந்தப் படத்தைப் பாக்கவே இல்லையேப்பா!"

ஓடிப் போய்க் கதவைச் சாத்தினார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. குரல் இறங்கி வந்தது.

"அன்னைக்கு நான்தான் இருந்தேன்னு உன்னால நிரூபிக்க முடியுமா?"

"அக்காவை வீட்டுக்கு அனுப்புங்க. நான் மட்டும் ஜெயிலுக்குப் போறேன். உங்க பேரு வெளிய வராது."

"முடியுமான்னு கேட்டேன்!"

ஆபரேட்டர் களைப்பாகச் சிரித்தான்.

"விமானத்துல எடுத்த படத்துக்குச் சத்தம் கிடையாது சார். நான் செல்போன்ல எடுத்ததுல இருக்கு. என்ன சத்தம்னு புரியாம டிவிக்காரங்க நீக்கிட்டாங்க, ஆனா அசல் அவங்ககிட்ட பத்திரமா இருக்கு. ஆஸ்பத்திரி இடிஞ்சு விழுது... பின்னணி இசை, உங்க குறட்டை!"